ரெண்டு மழை பெய்யட்டும்

…இது பஸ்ஸா, இல்ல ஃபிரிட்ஜாம்மா? ஹீட்டரு போட்டிருக்கேன்னு அந்த டிரைவரு சொல்றாரு. போட்டிருப்பாரு, அவரு காலுக்கு மட்டும். கொஞ்சம் சன்னல் பக்கமா நகந்துக்கறியா, முட்டி இடிக்குது. ஆங்… போதும் போதும். மொதல் பஸ்ஸு வரவே இல்ல. ரெண்டாவது பஸ்ஸு வந்துச்சு, என்னையப் பாத்துச்சு, போயிருச்சு. நான் நிறுத்தச் சொல்லிக் கையக் காட்டுறேன், அந்தாளு பதிலுக்குக் கையாட்டிட்டுப் போறான், ஏதோ பழகின ஆளுக்கு டாட்டா காட்டுற மாதிரி. அதுக்குள்ள தெரிஞ்சவன் பத்துப் பேரு அந்த வழியாப் போயாச்சு. ஒவ்வொருத்தனும் வண்டிய மெதுவாக்கி, கண்ணாடிய எறக்கி, "ஆல்டன், பஸ் ஸ்டாப்புல என்னப்பா பண்ற?"ங்கறான். என்ன பண்ணுவாங்க பஸ் ஸ்டாப்புல? மீன் பிடிக்கிறேன், போடா.

கார் இல்லாமலா? நல்லா கேட்ட போ. என்னையப் பாத்து கார் இல்லையான்னு இந்த டெட்ராய்ட்டுல கேட்ட மொத ஆளு நீதாம்மா. தொண்ணூத்தாறாம் வருசத்து இம்பாலா எஸ்.எஸ். வச்சிருக்கேன். கருஞ்செவப்பு. பழுத்த செர்ரிப் பழம் இருக்குல்ல, அந்தக் கலரு. நாலு கதவு, உள்ள ஒரு குடும்பமே காலை நீட்டிப் படுக்கலாம். தூரத்துல இருந்து பாத்தா ஏதோ சர்ச்சு டீக்கன் ஓட்டுற வண்டி மாதிரி அடக்கமா இருக்கும். கிட்ட வந்து நின்னு நான் ஒரு மிதி மிதிச்சேன்னு வையி, பக்கத்துல நிக்கிற புது வண்டிக்காரப் பயலுக்கு முகம் செத்துரும். இன்ஜின்ல கேம்ஷாஃப்ட் மாத்தினது நானு. சைலன்சர் மாத்தினது நானு. பின் சக்கரத்துக் கியரு, ஸ்பிரிங்கு, உள்ளார தோல் சீட்டு, எல்லாம் நானு. மழைத்தண்ணி பட்டதில்ல. பறவை எச்சம் பட்டா அன்னிக்கு நான் சாப்பிட மாட்டேன். பெயிண்ட்டப் பாத்து நீ தலையச் சீவிக்கலாம், பவுடர் போட்டுக்கலாம்.

அப்புறம் ஏன் பஸ்ஸுல வர்றேன்னா… ஏம்மா, நீ இந்த ஊர்தானே? கீழ ரோட்டப் பாரு. எப்படி இருக்கு? வெள்ளையா இருக்கா? உப்பு. பனிக்காலம் பூரா லாரி லாரியாக் கொட்டினாங்களே, அந்த உப்பு. அவனவன் ஊறுகாய்க்குக் கூட இவ்வளவு போட மாட்டான். பனி போயிருச்சு, உப்பு போகல. அதுல நல்ல வண்டிய எறக்கினா அடியில பூரா ஏறிக்கும், அப்புறம் அரிச்சு அரிச்சு, ஒரு நாளு காலு வச்சா ரோடு தெரியும். அதனால மழை பெய்யணும். சும்மா தூறல் இல்ல, நல்ல மழை, ரெண்டு தடவ. ரோடு கழுவி விட்ட மாதிரி ஆகணும். அதுக்கப்புறந்தான் எங்க ஆளுங்க கராஜைத் தொறப்பாங்க. இந்த வருசம் பாரு, மார்ச்சு முடியப் போகுது, வானம் ஒரு சொட்டு விடல. டிவியில அந்தப் பொண்ணு தெனமும் சிரிச்சுக்கிட்டே சொல்லுது, "அருமையான வறண்ட வானிலை"யாம். என்ன அருமையக் கண்டாளோ.

எங்க ஆளுங்கன்னா எங்க கிளப்புதான். இதே மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்க. அதுல நாந்தான் தலைவரு. சும்மா ஞாயித்துக்கிழமை மடக்கு நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கிற தலைவரு இல்லம்மா, பொறுப்பு இருக்கு. ரோடு சுத்தமாயிருச்சா இல்லையான்னு சொல்ல வேண்டியது நானு. எப்படிச் சொல்வேன்னு கேளு. ஒரு கறுப்பு சாக்ஸ எடுத்துக் கையில மாட்டிக்கிட்டு, குனிஞ்சு, ரோட்டுல ஒரு தேய் தேய்ப்பேன். சாக்ஸுல வெள்ள ஒட்டுச்சுன்னா யாரும் வண்டிய எடுக்கக் கூடாது. ஒட்டலன்னா எல்லாருக்கும் போன் பண்ணுவேன், "எடுங்கடா வண்டிய"ன்னு. சிரிக்காத. அந்தப் போனுக்காகப் பெரிய பெரிய ஆளுங்கல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்க.

போன வருசம் லெமுவேல்னு ஒருத்தன், எங்க கிளப்புதான், ஈஸ்டருக்கு சர்ச்சுக்குப் போறேன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே வண்டிய எடுத்துட்டான். விட்டேனா நானு? எல்லாரு முன்னாடியும் நிக்க வச்சு, கிளப்புல இருக்கிற அத்தன வண்டிச் சக்கரத்தையும் பல் வெளக்குற பிரஷ்ஷால கழுவ வச்சேன். அழுகாத குறை. இப்ப நானே உப்பு ரோட்டுல போனா என்னா ஆகும்? லெமுவேல் ரோட்டோரம் நின்னு போட்டோ எடுப்பான். அவன் இந்த ஒரு வருசமா அதுக்குத்தான் உசிரோடவே இருக்கான்.

எங்க போறேனா? நீ போற எடத்துக்குத்தான். உன் சட்டையப் பாத்தாலே தெரியுதே, பெரிய ஆஸ்பத்திரியில டியூட்டி. அங்க நாலாவது மாடி தெரியுமா? எலும்புக்காரங்க மாடி. அங்கதான் எம் பொண்டாட்டி மாவிஸ் இருக்கா. இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. இப்ப தேவல, வாக்கர வச்சு நடக்கறா. இன்னிக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க. கூட்டிட்டு வரத்தான் போறேன்.

பஸ்ஸுலயா கூட்டிட்டு வருவேன்? என்னம்மா நீ, நான் என்ன அரக்கனா? போறதுக்குத்தான் பஸ்ஸு. வர்றதுக்கு டாக்ஸி. எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். ஆனா அவ ஒத்துக்கல. நேத்து போன்ல சொல்றா, "ஆல்டன், எனக்கு டாக்ஸி வேணாம். அந்தக் குட்டிக் காருக்குள்ள என்னைய மடிச்சு வைக்க முடியாது. உன் இம்பாலாவ எடுத்துட்டு வா. அகலமான சீட்டு, நான் காலை நீட்டி உக்காந்து வீட்டுக்கு வரணும்"னு. நான் சொன்னேன், "கண்ணு, ரோட்டுல உப்பு இருக்கே." அவ்வளவுதான். அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா சொல்றா: "கார் வந்தா வீட்டுக்கு வர்றேன். கார் வரலன்னா அக்கா கூட அவ ஊருக்கு, டொலிடோவுக்கே போயிடறேன். அப்புறம் என்னையத் தேடாத." போன வச்சுட்டா.

மெரட்டுறாம்மா. எத்தனையோ தடவ மெரட்டியிருக்கா. வெள்ளை டவல் அத்தனையும் நான் காரு தொடைக்க எடுத்தப்போ மெரட்டினா. அவ தங்கச்சி முறை பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நான் கராஜ்ல கியர் பெட்டிய எறக்கி வச்சுட்டு உக்காந்திருந்தப்போ மெரட்டினா. போனாளா? போகல. அவ போக மாட்டா. அவளுக்கு என்னைய விட்டா… சரி, எனக்கும் அவள விட்டா யாரு இருக்கா, அது வேற கதை.

அது என்ன பையிலன்னு பாக்குறியா? பூவா? இல்லம்மா, மெழுகு. காருக்குப் போடுற மெழுகு, நல்ல சரக்கு. ஸ்டாப்புக்கு வர்ற வழியில கார் சாமான் கடையத் தாண்டித்தானே வரணும், உள்ள போயி வாங்கிட்டு, அங்க ரெண்டு பேரு பேச்சுக் குடுத்தாங்க, பேசிட்டு, அதனாலதான் மொதல் பஸ்ஸும் போயிருச்சு போல. நீ ஏன் அப்படிப் பாக்குற? ஆஸ்பத்திரிக்குக் கீழயே பூக்கடை இருக்குல்ல? அப்ப வாங்கிக்கலாம். பூ எங்க ஓடப் போகுது.

பனிக்காலத்து வண்டியா? இருந்துச்சும்மா, எல்லாரு மாதிரி நானும் ஒரு ஓட்ட வண்டி வச்சிருந்தேன், ஒரு பழைய வேன். உப்பு தின்னட்டும்னுதானே அத வாங்கறது. தின்னுச்சு, நல்லா தின்னுச்சு. அடியில பிரேக்குக் குழாய் இத்துப்போயி, ஒரு நாளு பிரேக்க மிதிச்சேன், வண்டி ஏன்னு கூடக் கேக்கல. குப்பைத்தொட்டியில மோதி நின்னுச்சு. கழுவியிருந்தா இருந்திருக்குமோ என்னமோ. அதைப் போயி யாரு கழுவறது, கைய வச்சா துரு ஒட்டும்.

எப்படி விழுந்தாளா? ஐஸ்ல வழுக்கித்தான். இந்த ஊர்ல வேற எப்படி விழுவாங்க. எங்க வீட்டு முன்னாடி, கராஜுக்குப் போற பாதையில. கண்ணாடி மாதிரி ஒறஞ்சு கெடந்துச்சு.

உப்பு போடலையான்னா? …எங்க வீட்டுல உப்பு போடுறதில்லம்மா. மணல் போடுவேன். கராஜ் வாசல்ல உப்பக் கொட்டிட்டு உள்ள இம்பாலாவ நிறுத்துறதும், பால் பாத்திரத்துக்குள்ள எலுமிச்சம்பழத்தப் பிழியறதும் ஒண்ணுதான். காலுல ஒட்டி உள்ள வந்துரும். மணல் தீந்துபோச்சு அன்னிக்கு. வாங்கி வர்றேன்னு சொல்லியிருந்தேன். வாங்கியிருப்பேன். அதுக்குள்ள அவளுக்கு என்ன அவசரம்? சமையக்கட்டுல இருந்து உப்பு டப்பாவக் கொண்டு வந்துட்டா. நான் கராஜ்ல இருந்து பாக்குறேன், இவ படியில எறங்கி வந்து, கோழிக்குத் தீனி போடுற மாதிரி உப்ப அள்ளிப் போட்டுக்கிட்டே வர்றா. சும்மா இருக்க முடியுமா? ஒரு சத்தம் போட்டேன். "ஏய் மாவிஸ், அதப் போடாத"ன்னு. கொஞ்சம் பலமாத்தான் போட்டேன். அவ திடுக்குன்னு திரும்பினா. திரும்பின எடத்துல இன்னும் உப்பு போடல.

…ம்ம். ஆமா. அப்படித்தான் விழுந்தா.

இல்ல, நானாத் தள்ளிவிட்ட மாதிரி பாக்காத. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எங் கோட்டக் கழட்டி அவளுக்குப் போத்திட்டு, ஐஸ்லயே முட்டி போட்டுக் கெடந்தேன். அந்த வலியிலயும் அவ என்ன கேட்டா தெரியுமா? "உன் காரு மேல உப்பு பட்டுச்சா?" பட்டுச்சான்னு… அக்கறையா கேட்டாளா, குத்தலா கேட்டாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. நான் வேற, "இல்ல கண்ணு, படல"ன்னு பதில் சொன்னேன்.

அதுல இருந்து அவ அக்கா எர்லீன் வந்து எங்க வீட்டுல உக்காந்திருக்கா. டொலிடோவுல இருந்து பஸ் ஏறி வந்து எறங்கினா, பெரிய பெட்டியோட. வந்த அன்னிக்கே கேக்குறா, "என்ன ஆல்டன், காரு சவுக்கியமா?" தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடக்கறா, இவ காரு சவுக்கியத்த விசாரிக்கறா. அவ்வளவு நக்கல். அவ பள்ளிக்கூடத்துப் பஸ்ஸ ஓட்டி ரிட்டயர் ஆனவ, அறுபது பிள்ளைங்கள அதட்டி அதட்டி, யாரப் பாத்தாலும் அதட்டத்தான் வருது. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தவ, ராத்திரி பூரா தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டா. காலையில நான் கெளம்பறப்போ வாசல் வரைக்கும் வந்து, "மெதுவாப் போயிட்டு வா, ஒண்ணும் அவசரமில்ல. நான் வீட்டப் பெருக்கி வைக்கிறேன்"னா. எனக்கே கொஞ்சம் சந்தோசமாப் போச்சு. சரி, இவளுக்கும் நல்ல புத்தி வருதேன்னு.

இந்தா, மறுபடியும் செவப்பு. இந்தப் பஸ்ஸு பச்சையப் பாத்ததே இல்ல போல. ஒம்பதாம் மைல் ரோடுதான் வந்திருக்கு. நடந்து போயிருந்தா இந்நேரம்…

இரு. அந்தச் சத்தம் கேக்குதா?

இல்லம்மா, லாரி இல்ல. லாரிக்கும் அதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா… எதிர்ப்பக்கம் பாரு. நடுவுல புல்லுக்கு அந்தப் பக்கம், தெக்க போற ரோட்டுல. கருஞ்செவப்பு தெரியுதா? யாரோ நம்ம கிளப்புக்காரன், ரூல மீறி எடுத்துட்டான். யாருன்னு மட்டும் பாரு, இன்னிக்கு அவன…

அந்தச் சக்கரம் என்னோடது. அதுமாதிரி இந்த ஊர்லயே ஒரு செட்டுதான் இருக்கு.

எங் காரும்மா அது. ஏய், எங் காரு. எவனோ திருடிட்டுப் போறான். டிரைவர், டிரைவர், நிறுத்துங்க, கதவத் தெறங்க, எங் காரு போகுது! என்னது, ஸ்டாப்புலதான் தெறப்பீங்களா? இப்ப மட்டும் ரூலு தெரியுதா உங்களுக்கு?

இரு இரு இரு. நேரா போகல. தாண்டிப் போயி நடுவுல வளையறான். இந்த உட்வார்டு ரோட்டுல அந்தப் பக்கம் இருந்து நேரா குறுக்க திரும்ப முடியாதுல்ல, கொஞ்சம் தள்ளிப் போயி வளைஞ்சு நம்ம பக்கம் வந்துதான் திரும்பணும். அப்படின்னா இங்கதான் வருவான். வரட்டும். உன் பக்கந்தான் வருது, கொஞ்சம் சாஞ்சுக்க, நான் அவன் மூஞ்சியப் பாக்கறேன்.

…

எர்லீன்.

எர்லீன் ஓட்டுறாம்மா. தலையில சர்ச்சுத் தொப்பி. ஒத்தக் கைய ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு… பக்கத்துல யாரு? மாவிஸ். அது மாவிஸ்தான். சாவி… சாவி எம் பாக்கெட்டுல இருக்கே. ஆங், இன்னொரு சாவி. கல்யாண நாளுக்கு நானே ரிப்பன் கட்டி மாவிஸ் கிட்ட குடுத்தேன். ஓட்டத்தான் விட்டதில்ல.

வண்டியப் பாரும்மா, கதவுல பாதி வரைக்கும் வெள்ள. உப்பப் பூசி வெயில்ல காயப் போட்ட மாதிரி. பின் சீட்டுல வாக்கர், தோல் மேலயே, கீழ ஒரு டவல் கூட இல்ல. அவ மடியில என்ன… ஹாட் டாக். பன்னுக்குள்ள கறி, வெங்காயம், கடுகு சாஸு எல்லாம் போட்டு. எங் கார்ல. தண்ணி பாட்டில் கூட நான் உள்ள விட்டதில்ல, கடுகு ஒழுகுது பாரு, அந்தா, ஒழுகுது. அவ என்னடான்னா சிரிக்கறா. தலையச் சாச்சு, வாயத் தெறந்து… அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து எவ்வளவு நாளாச்சு. தட்டு, கண்ணாடியத் தட்டு. மாவிஸ். இங்க, மேல, பஸ்ஸுல.

பாத்துட்டா.

போன எடுக்கறா. …எம் போனுதான் அடிக்குது. ஹலோ. மாவிஸ். …ஆமா, உன்னையக் கூட்டிட்டு வரத்தான்… இல்ல கண்ணு, டாக்ஸி சொல்லி வச்சிருந்தேன்… ம்ம். …ம்ம். …வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டிருக்கீங்களே, வீட்டுக்குன்னா நேரா தெக்க போயிருக்கணுமே, இது நெடுஞ்சாலைக்குப் போற ரோடுல்ல… ஆங்? …எத்தன நாளைக்கு? …மாவிஸ், இந்தா பாரு… மாவிஸ்.

திரும்பிட்டாங்க. செவப்புலயே திரும்பிட்டாங்க.

என்ன சொன்னான்னா… சொன்னா, "நீ சொல்றதுதான் சரி ஆல்டன். அவசரப்படக் கூடாது. ரெண்டு நல்ல மழை பெய்யட்டும். கறுப்பு சாக்ஸப் போட்டு ரோட்டத் தேச்சுப் பாரு, வெள்ள ஒட்டலன்னா டொலிடோவுக்குப் போன் பண்ணு. ரெண்டு பேரும் வர்றோம்"ங்கறா. ரெண்டு பேருன்னா யாரு, நீயும் எர்லீனுமான்னு கேக்க வாயெடுத்தேன், அவளே சொல்லிட்டா. "நானும் காரும்"னு.

…

மெரட்டல்னு நெனச்சேம்மா. நெசமாவே மெரட்டல்னுதான் நெனச்சேன். அவ ஆஸ்பத்திரியில இருந்த நாளெல்லாம் வீட்டுக்குள்ள போகவே புடிக்கல எனக்கு. கராஜ்ல அந்தக் கார்லயே உக்காந்திருந்தேன், கவரக் கூட எடுக்காம, உள்ள இருட்டுல. இன்னிக்கு வந்துருவான்னு நெனச்சுத்தான் தாங்குச்சு. இப்ப அவளும் இல்ல, காரும் இல்ல. போயி எர்லீன் வீட்டப் பெருக்கியிருக்காளான்னு வேணா பாக்கலாம்.

ஒண்ணு சொல்லட்டா? எங் காரு ரோட்டுல போறத நான் பாத்ததே இல்ல. எப்பவும் உள்ள இருப்பேன், இல்லன்னா அடியில படுத்திருப்பேன். போறப்போ எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது. அந்த உப்போட, அந்தக் கடுகோட… நல்லாத்தாம்மா இருந்துச்சு. அவளுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. கால நீட்டி உக்காந்திருந்தா, பாத்தியா?

மணிய அடி, மணிய அடி, நான் எறங்கணும். எதிர்ப்பக்கம் போயி டவுன்டவுன் பஸ்ஸப் பிடிச்சா அங்க இருந்து டொலிடோ பஸ்ஸு இருக்குல்ல? இருக்கும். எர்லீனே அதுலதானே வந்தா. மழை எப்பப் பெஞ்சு, எப்பக் காஞ்சு… அதெல்லாம் லெமுவேல் பாத்துக்கட்டும், சாக்ஸ அவங்கிட்டயே குடுத்துடறேன். சிரிக்கட்டும் பய.

என்ன கேக்குற? பொண்டாட்டியப் பாக்கப் போறேனா, காரக் கழுவப் போறேனான்னா? நல்ல கேள்வி கேக்குறம்மா நீயும். அவளத்தான். மொதல்ல அவளத்தான். போயி பக்கத்துல உக்காந்து, அன்னிக்குச் சத்தம் போட்டது எந் தப்புன்னு சொல்லிட்டு, அவ திட்டுற வரைக்கும் திட்டட்டும்னு கேட்டுட்டு, அப்புறம்…

எர்லீன் வீட்டுல வாளி இருக்கும்ல?